மூன்று பங்கான எஞ்சின்

தாழைத்திட்டு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் இடத்தை விட்டுக் கிளம்பியது. சங்குமுனைக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். கரைக்கு நேர் எதிரே, வள்ளத்தில் போனால் ஒரு பீடி பிடித்து முடிக்கும் தூரத்தில், தாழம்புதரும் வெள்ளை மணலும் கோணல் சிலுவை ஒன்றுமாக அவர்கள் பிறந்த நாளிலிருந்து அசையாமல் கிடந்த அந்தத் திட்டு, கயிறு நைந்துபோனதை அப்போதுதான் கண்டுகொண்ட மாட்டைப் போல முதலில் லேசாகப் பக்கம் திரும்பி நின்றது. யாரும் அதட்டவில்லை என்று தெரிந்ததும் தெற்குப் பார்த்து நடையைக் கட்டியது. அதன் மேல், காலையில் கடல்பாசி எடுக்க வள்ளம் இறக்கிவிட்டுப் போன பெண்கள் பதினோரு பேர் இருந்தார்கள்.

கரையில் ஒவ்வொருவராக அந்தச் செய்திக்குத் தங்கள் நாளில் இடம் பண்ணிக்கொண்டார்கள். டீக்கடை சந்தியாகு கடை வாசலில் ஒரு கழியை நட்டு, திட்டு கழிக்கு இந்தப் பக்கம் தெரிந்தால் கிட்டத்தில், அந்தப் பக்கம் தெரிந்தால் தூரத்தில் என்று டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் நிலவரம் சொல்ல ஆரம்பித்தார். டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊதுமுன் ‘இப்ப எங்க நிக்கு?’ என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். பங்குச் சாமியார் பூசையில் பயணம் போகிறவர்களுக்கான செபத்தைச் சேர்த்துக்கொண்டார். பெண்டாட்டியைத் திட்டில் விட்ட ஆண்கள் முதல் நாள் பன்னும் டீயுமாக ஓட்டிவிட்டு, மறுநாள் அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். திட்டு புதிதாகப் போய் நிற்கும் தண்ணீரில் நண்டு பிடிக்கும் உரிமை சங்குமுனைக்கா, தெற்கே அடுத்த ஊருக்கா என்று இரண்டு கிழவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் போயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. அப்படிக் கேட்டவர்களுக்கும், கெடந்து கெடந்து அலுத்திருக்கும் என்ற பதிலே போதுமானதாக இருந்தது.

திருப்பிக் கொண்டுவருவதுதான் பாடாக இருந்தது. அன்று சாயங்காலமே டீசல் வள்ளங்கள் வடக்கயிற்றோடு போயின. எஞ்சின் சத்தம் நெருங்கியதும் திட்டு மிரண்டு பின்வாங்கியது. வள்ளங்கள் நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது. மறுநாள் தகவல் கேட்டு வந்த அரசாங்க விரைவுப் படகின் உறுமலுக்கு அது ஒரே ஓட்டமாக ஓடி, தாழம்புதரின் உச்சி மட்டும் தெரியும் தூரத்துக்குப் போய்விட்டது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டு அந்தப் படகைத் திருப்பி அனுப்பியது. துடுப்புப் போட்டும் போய்ப் பார்த்தார்கள். துடுப்பு தண்ணீரில் விழும் ஓசைக்கும் அது அதே இடைவெளியை விட்டுக்கொண்டு விலகியது. திட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நன்றாக நீந்துவார்கள். ஆனால் சேர்ந்து போனவர்கள் சேர்ந்துதான் திரும்புவது என்பது பாசிக்காரிகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டு. முட்டுவலிக்காரி லூர்தாளும் வலிப்புக்காரி ஞானமும் கூட இருந்ததால் ஒருத்தியும் தண்ணீரில் குதிக்கவில்லை.

அன்று பாசிக்குப் போயிருக்க வேண்டியவள் பிரகாசி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கன்னம் வீங்கிக் கிடந்ததால், காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகள் அனிஸ்டா அம்மாவின் முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போயிருந்தாள். புருசன் இல்லாத பிரகாசிக்கு அந்த ஒரு பெண்தான். வீங்கிய கன்னத்தோடு அவள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது கஞ்சி கொடுத்தால் குடித்தாள். யாராவது ஆறுதல் சொன்னால், ‘எந்திச்சுப் போங்க, மறைக்குது’ என்றாள்.

வியாழக்கிழமை காலை அவள் போன் அடித்தது.

‘அம்மா, பேட்டரி சாகப் போவுது, நான் சொல்லுததை மட்டும் கேளு. கேன்ல அடித்தண்ணிதான் கெடக்கு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல காணாது. லூர்தாள் அத்தை பேச்சை நிறுத்திட்டாவ. பெரிய எஞ்சின் எதையும் அனுப்பாதிய. சத்தம் கேட்டா கீழ மணலு உதறுதும்மா, மாட்டுத் தோலு ஈயை உதறுமே, அது மாதிரி.’

‘ஏ பிள்ள, எதுக்கும் அடங்கவே மாட்டேங்குதா?’

‘காலையில கோயில் மணி லேசாக் கேட்டுச்சு. அப்ப நின்னுச்சு. நின்னு கேட்டுச்சும்மா, நெசமா. பழகின சத்தம்னா அது...’

அதோடு போன் செத்தது.

கோயில் மணியைக் கழற்றி வள்ளத்தில் ஏற்றலாமா என்று ஊர்த்தலைவர் கஸ்பார் ஆலோசனை கேட்டார். மணி கேட்டு நின்றதே தவிர அது வரவில்லையே என்று பிரகாசி சொன்னாள். மாடு மணிக்கு நிற்கும். தண்ணீர் காட்டுகிறவன் குரலுக்குத்தான் வரும். திட்டுக்கு அப்படிப் பழகிய குரல் ஒன்றே ஒன்று இருந்தது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவள் தகப்பன் மிக்கேல் தன் சிறிய வள்ளத்தின் பின்பலகையில் மாட்டியிருந்த பழைய எட்டுக் குதிரைச் சக்தி எஞ்சின் அது. வருசக்கணக்காகத் தினமும் காலையில் பாசிக்காரிகளை ஏற்றிக்கொண்டு, ஆஸ்துமாக்காரன் மாடிப்படி ஏறுவதைப் போல இழுத்து இழுத்து இருமிக்கொண்டு திட்டுக்குப் போனது அதுதான். திட்டு அசையாமல் கிடந்த காலமெல்லாம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தது.

அந்த எஞ்சின் இப்போது ஒன்றாக இல்லை. மிக்கேல் இறந்ததும் மூத்தவன் சவேரியானும் இளையவன் தஸ்நேவிசும் எஞ்சின் எனக்கு உனக்கு என்று மல்லுக்கு நிற்க, ஊர்க் கமிட்டி கூடி, கஸ்பார் நடுவில் உட்கார்ந்து, பாதிப் பாதி என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை அப்படியே நிறைவேற்றவும் செய்தார்கள். போல்ட்டுகளைக் கழற்றி, சிலிண்டரும் கார்பரேட்டரும் சக்கரமும் உள்ள தலைப் பகுதியை மூத்தவனுக்கும், தண்ணீருக்குள் இறங்கும் தண்டும் புரொப்பல்லரும் உள்ள கால் பகுதியை இளையவனுக்கும் கொடுத்தார்கள். ‘எனக்கு?’ என்று பிரகாசி கேட்டாள். பெண்பிள்ளைக்கும் ஒன்று கொடுப்பதுதான் முறை என்று கமிட்டி யோசித்து, சக்கரத்தில் சுற்றி இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை அவளுக்கு வழங்கியது. தன் காலத்தில் இவ்வளவு நேரான தீர்ப்பு வேறு இல்லை என்று கஸ்பார் இன்றும் சொல்லுவார். சவேரியான் தலையை எண்ணெய்த் துணியில் சுற்றி அரிசி டிரம்மில் வைத்திருந்தான். தஸ்நேவிஸ் காலை வீட்டு வாசலில் தலைகீழாக நட்டிருந்தான். காற்றடித்தால் புரொப்பல்லர் சுற்றும், கோழிகள் ஓடும். பிரகாசியின் கயிற்றில் துணி காய்ந்தது. அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து பேசியதில்லை.

அவள் கொடியில் கிடந்த துணிகளை மண்ணில் தள்ளிவிட்டுக் கயிற்றை உருவிக்கொண்டு முதலில் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

‘அண்ணே, தலையை எடுங்க.’

சவேரியான் முழுதும் கேட்டான். கண் கலங்கினான். ‘மருமவளுக்கு இல்லாததாட்டி? எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, இது அவன் வாசலுக்குப் போவாது. காலு இங்க வரட்டும், நானே மாட்டித் தாரேன்.’

தம்பி வாசலில் நின்று கேட்டாள். தஸ்நேவிஸ் வலையைக் கீழே போட்டான். ‘அக்கா, நான் மாட்டேம்னு சொல்லுவனா? இந்தா நிக்கி. தலை நம்ம வாசலுக்கு வரட்டும், அவ்வளவுதான்.’

‘ஒன் வாசல் பெரிசு, அவன் வாசல் பெரிசு, எம்பிள்ள சிறிசு, அப்படித்தான?’ என்று கேட்டுவிட்டுப் பிரகாசி அங்கே சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். காலைச் சுற்றி மண்ணைத் தோண்டினாள். இரண்டு வெட்டு வரை தம்பி சும்மா பார்த்தான். மூன்றாவது வெட்டு மண்ணுக்குள் இருந்த தண்டை உரசியதும், ‘யக்கா, யக்கா, தண்டு வளைஞ்சிரும், தள்ளு’ என்று அவனே குனிந்து, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான். கரை யாருடைய வாசலும் இல்லை.

பிரகாசி அண்ணன் வீட்டு ஜன்னலில் முகத்தை வைத்தாள். ‘காலு கரைக்குப் போயிட்டு. தலை இல்லாமலே தம்பி எஞ்சினை ஓட்டிருவான்னு சந்தியாகு கடையில பந்தயம் நடக்கு. ஒங்க காதுல போட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.’

அவள் கரை சேர்வதற்குள் சவேரியான் தலையோடு அங்கே நின்றான்.

ஊர் வட்டமாகக் கூடியது. நடுவில் ஒரு பழைய பாய், பாயின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேர். இருவருமே தகப்பனிடம் அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர்கள், ஆகையால் பேசாமல் வேலை செய்வது கடினமாக இல்லை. கேட்டு வாங்குவதுதான் கடினமாக இருந்தது.

‘பிரகாசி, அந்த ஆளுகிட்ட பதிமூணு நம்பர் ஸ்பேனரை வைக்கச் சொல்லு.’

‘அக்கா, வைக்கேன்னு சொல்லு. வாங்கின மாதிரியே திரும்பி வரணும்னும் சொல்லு.’

‘பிரகாசி, வெயில்ல காலை நட்டுவச்ச புண்ணியவான் யாருன்னு கேளு. தண்ணி இழுக்குற ரப்பர் விசிறி அப்பளமா நொறுங்கிக் கெடக்கு.’

‘அரிசிக்குள்ள வச்ச புண்ணியவான் கார்பரேட்டருக்குள்ள வண்டு வளத்திருக்காராம், அதையும் கேளு.’

கூட்டம் சிரித்தது. பிரகாசி சிரிக்கவில்லை. அவள் கண் கடலில் இருந்தது. திட்டு வெயில் ஏற ஏறத் தண்ணீரோடு தண்ணீராக நடுங்கித் தெரிந்தது. சவேரியான் கார்பரேட்டரின் ஊசித் துளையைப் பெட்ரோலில் ஊறவைத்து மெல்லிய தூண்டில் நரம்பால் குத்திச் சுத்தம் செய்தான். கம்பி விட்டால் பித்தளையைக் கீறிவிடும். தஸ்நேவிஸ் லாரி ட்யூபை வெட்டி, வெட்டி, ஆறு இதழ் உள்ள ஒரு பூவைப் போல ரப்பர் விசிறி செய்து காலுக்குள் பொருத்தினான். எஞ்சின் ஓடும்போது பின்னால் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் துப்பினால்தான் தலை சூடாகாமல் பிழைக்கும். இருட்டும் வரை வேலை நடந்தது. வெள்ளிக்கிழமை வெளுத்ததும் தலையையும் காலையும் சேர்த்துப் போல்ட்டுகளை முறுக்கினார்கள். மிக்கேலின் சிறிய வள்ளத்தை இறக்கி, பின்பலகையில் எஞ்சினை மாட்டினார்கள்.

பிரகாசி கயிற்று முடிச்சைச் சக்கரத்துப் பள்ளத்தில் கொடுத்துச் சுற்றினாள். இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றி இழுத்தாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், நீலமாகப் பொறி வந்தது. பெட்ரோலும் வந்தது. பொறி இருந்தது, எண்ணெய் இருந்தது, ஆனாலும் எஞ்சின் ஒரு முறை தும்மி, சக்கரம் எதிர்ப்பக்கம் உதைத்து, கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். உதைத்தது. இழுத்தாள். உதைத்தது. வெயில் சுள்ளென்று ஏறியது. கழிக்கு அந்தப் பக்கத்தில் திட்டு இப்போது ஒரு மச்சம் அளவுக்குத்தான் இருக்கிறது என்று சந்தியாகு மெல்லச் சொன்னார். அவரைப் பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.

சவேரியான் வேர்த்து ஊற்றக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் வேர்வை இல்லை என்று தஸ்நேவிசுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்தான். அது தண்டோடு ஒட்டாமல் லொடலொடவென்று ஆடியது. சக்கரத்தைத் தண்டோடு சேர்த்துப் பூட்ட ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு, நகம் வெட்டிப் போட்ட பிறை மாதிரி இருக்கும். அது இல்லாவிட்டால் பொறி வரும், ஆனால் வரவேண்டிய நேரத்தில் வராது.

‘எல’ என்றான் தஸ்நேவிஸ். அண்ணனைப் பார்த்து, நேராக. ‘கீயை எங்கல?’

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சவேரியான் கைலியின் மடிப்பை அவிழ்த்து, அரைஞாண் கயிற்றை இழுத்து, அதில் கோத்துத் தொங்கிய அந்தப் பிறையைப் பல்லால் கடித்து எடுத்தான். ‘நீ ராத்திரியில வந்து தலையைத் தூக்கிட்டுப் போயிருவன்னுதாம்ல கழத்தி வச்சேன்’ என்றான்.

தஸ்நேவிஸ் கையை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்று, இறங்கி, தன் கழுத்துக்குப் போனது. செபமாலைச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் விரல் கணு நீளத்தில் ஒரு பித்தளை ஊசி தொங்கியது. புரொப்பல்லரைத் தண்டோடு பிடித்து வைப்பது அதுதான். அது இல்லாமல் எஞ்சின் ஓடினாலும் வள்ளம் ஓடாது.

‘நீ வந்து காலைப் பிடுங்கிருவன்னு நானும்...’ என்றான்.

‘ஒரே அப்பன் மக்கள்தான், சந்தேகமே இல்ல’ என்றார் சந்தியாகு. ஊர் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் பிரகாசி இரண்டு பேர் கையிலிருந்தும் இரண்டு துண்டையும் பிடுங்கி, ‘மாட்டுங்கலே’ என்று போட்ட சத்தத்தில், பல் பிடுங்கிய இடத்திலிருந்து ரத்தம் கசிந்து உதட்டோரம் வழிந்தது. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கியர் முன்னால் போகும் நிலையிலேயே துருவேறி இறுகியிருந்தது. ஸ்டார்ட் ஆனால் அந்த நொடியே வள்ளம் பாயும், கரையில் நிறுத்தி ஓட்டிப் பார்க்கிற வேலை கிடையாது. ஆகையால் மூவரும் ஏறி, தண்ணீர்க் கேன்களை ஏற்றி, முனையைத் தெற்கே திருப்பி வைத்துக்கொண்டார்கள். தஸ்நேவிஸ் கைப்பிடியைப் பிடித்தான். சவேரியான் பெட்ரோல் குழாயில் விரலை வைத்துக்கொண்டான். பிரகாசி இழுத்தாள். எஞ்சின் ஒரு முறை செருமியது, இரண்டாம் முறை செருமியது, பிறகு ஆஸ்துமாக்காரன் படியேறத் தொடங்கினான். சவேரியான் கிளப்புவதற்கான பெட்ரோலை மூடி, ஓடுவதற்கான மண்ணெண்ணெயைத் திறந்தான். இருமல் ஒரு கணம் தடுக்கி, பிடித்துக்கொண்டது. பின்னால் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் துப்பியது.

‘துப்புது, துப்புது’ என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

திட்டு அதைக் கேட்டது. முதலில் தாழம்புதர்கள் அத்தனையும், காற்று எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டிருந்தபோதும், வள்ளத்தின் பக்கம் சாய்ந்தன. பிறகு மணல் மெல்லத் திரும்பியது. பெண்கள் எழுந்து நிற்பது தெரிந்தது, முந்தானைகள் ஆடுவது தெரிந்தது. திட்டு வரத் தொடங்கியது. நடந்து வந்தது, பிறகு விரைந்து வந்தது, முன்னால் வெள்ளையாக நுரையைத் தள்ளிக்கொண்டு, தொலைந்துபோயிருந்தது தான் இல்லை இந்த எஞ்சின்தான் என்கிற மாதிரி வந்தது. கிட்டப் போய் எஞ்சினை அணைத்துப் பெண்களை ஒவ்வொருவராக ஏற்றலாம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நிறுத்தினால் இந்த வேகத்தில் அது வள்ளத்தின் மேலேயே ஏறிவிடும் என்பது இப்போது தெரிந்தது. சத்தம் நின்றால் திரும்பவும் மிரண்டு ஓடிவிடும் என்பதும் தெரிந்தது. தஸ்நேவிஸ் வள்ளத்தை வளைத்தான். திட்டும் வளைந்து பின்னால் வந்தது.

‘அக்கா, எங்க கொண்டு போவ? பழைய எடத்துக்கா?’

‘பழைய எடம் இப்ப ஆழக்குழியா கெடக்குல’ என்றான் சவேரியான். ‘அங்க நிறுத்த முடியாது. மண்ணெண்ணெயும் கரை வரைக்குந்தான் காணும்.’

‘அப்ப கரைக்கு விடு’ என்றாள் பிரகாசி.

கரையில் கஸ்பார் சிவப்புத் துண்டை இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தார். பாறை வரிசைக்கு நடுவில் வள்ளங்கள் கடலுக்குப் போய்வர இருந்தது ஒரே ஒரு வாய்தான். அதற்குள் திட்டு வந்து செருகிக்கொண்டால் சங்குமுனையில் ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போக முடியாது. உதட்டசைவிலேயே அவர் சொல்வது புரிந்தது: இங்க வேண்டாம், இங்க வேண்டாம். அவருக்குப் பின்னால் ஊரில் பாதி அதையே சொன்னது. மீதிப் பாதியின் மனைவிகள் திட்டில் இருந்தார்கள்.

தஸ்நேவிஸ் அக்காளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் இருந்த அவன் கையின் மேல் ரத்தத் துணி சுற்றிய தன் கையை வைத்து, பாறை வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

வள்ளம் மணலில் ஏறியதும் அண்ணனும் தம்பியும் குதித்து, புரொப்பல்லர் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்கள். திட்டு வாய்க்குள் நுழைந்து, பாறைகளை இரண்டு பக்கமும் உரசி, வயிறு நிறைந்த மாடு படுப்பதைப் போல ஒரு பெருமூச்சோடு கரையில் தலையைச் சாய்த்தது. ஆனாலும் அது கொஞ்சமும் அமைதியாக இல்லை. மணல் முழுதும் தோல் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

‘எறங்குங்கட்டி! எஞ்சின் நிக்குமுன்ன எறங்குங்க!’

லூர்தாளைத் தோளில் தூக்கி வந்தார்கள். ஞானத்தை நடத்தி வந்தார்கள். இங்கே வேண்டாம் என்று துண்டை வீசிய கஸ்பார் முதல் ஆளாக ஓடிவந்து தண்ணீர்க் கேனைத் தூக்கினார். திட்டில் நின்ற பெண்கள் தண்ணீரைக் குடித்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாசி மூட்டைகளை எடுக்கத்தான் போனார்கள்.

‘மூட்டையை விடுங்கட்டி, சனியன்களா!’ பிரகாசி கத்தினாள்.

‘ஒனக்கென்னம்மா, நாலு நாளு முங்கி எடுத்ததை விட்டுட்டு வரணுமாம்ல!’ திட்டின் மேலிருந்து அனிஸ்டாவின் குரல் வந்தது. உதடு வெடித்து, முகம் கருத்து, ஆனால் வாய் குறையாமல் நின்றாள். மூட்டைகள் கைக்குக் கை மாறிக் கரைக்கு வந்தன. கரையில் நின்ற ஆண்களும் வேறு வழியில்லாமல் வாங்கி வைத்தார்கள்.

எஞ்சின் பின்னால் துப்பிய தண்ணீர் சொட்டாகி, சொட்டும் நின்றது. லாரி ட்யூப் விசிறி கிழிந்திருக்க வேண்டும். தலையிலிருந்து புகை எழுந்தது.

‘அண்ணே, தலை காயுது. இப்ப அணைச்சாப் பொழைக்கும்’ என்றான் தஸ்நேவிஸ்.

சவேரியான் அதை அரிசிக்குள் வைத்துக் காத்தவன். எத்தனையோ முறை எண்ணெய்த் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடியவன். ‘வேகட்டும்ல’ என்றான். ‘பிள்ள எறங்கட்டும். அது வேகட்டும்.’ வீடுகளிலிருந்து யார் யாரோ பாட்டிலும் சட்டியுமாக மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். கஸ்பார் ஊற்றினார். வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் மூட்டையை எண்ணுவதை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்த்தார்கள். இருமல் ஒரு படி ஏறியது, நின்று மூச்சு வாங்கியது, இன்னொரு படி ஏறியது. பெயிண்ட் கொப்பளித்தது. பத்துப் பெண்கள் கரையில் இருந்தார்கள். அனிஸ்டா கடைசி மூட்டையைக் கட்டிப் பிடித்துத் திட்டின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே ஏதோ கடக்கென்றது. எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் அலை கூட அடித்ததா என்று யாருக்கும் நினைவில்லை. திட்டு தலையைத் தூக்கியது. கரைக்கும் அதற்கும் நடுவில் கோடு போட்டது போலத் தண்ணீர் தெரிந்தது. கோடு ஓர் அடியானது, ஆள் உயரமானது.

‘குதிட்டி!’

அவள் மூட்டையை எறிந்தாள். அது தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவள் குதித்தாள், அதற்குள் இடைவெளி வள்ளம் நுழையும் அகலத்துக்குப் போயிருந்தது. பாறை வாயில் தண்ணீர் சுழித்து அவளை உள்ளே இழுத்தது. வலது பக்கம் சவேரியானும் இடது பக்கம் தஸ்நேவிசும் கழுத்தளவுத் தண்ணீரில் போய், ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். ஒருவர் விட்டாலும் போச்சு. இருவரும் விடவில்லை. திட்டு வாயை விட்டுப் பின்னால் நகர்ந்து, திரும்பி, எதையும் தேடாத நடையில் கிழக்கே போயிற்று. அதை நின்று பார்க்க அன்று கரையில் யாருக்கும் நேரமில்லை.

அனிஸ்டாவைக் கரையில் போட்டார்கள். அவள் தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், எழுந்து உட்கார்ந்தாள். பிரகாசி நேராக அவளிடம் போய், துணி சுற்றிய கையாலேயே கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். பிறகு கெண்டைக்கால் அளவு தண்ணீரில் இறங்கி, ஒதுங்கிக் கிடந்த அந்த மூட்டையை இழுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, ‘எந்திச்சு வா, சோறு ஆறுது’ என்று முன்னால் நடந்தாள். வீட்டில் அன்று சோறு எதுவும் வடிக்கவில்லை.